பச்சை வயரில் கரண்ட்

மார்ச் 3, செவ்வாய்

குளியலறைக்கு மகள் அனுப்பிய எக்ஸாஸ்ட் ஃபேன் இன்று வந்து சேர்ந்தது. டைமர் வைத்த ஃபேன். லைட்டைப் போட்டால் ஓடும். லைட்டை அணைத்த பிறகும் பதினைந்து நிமிடம் ஓடி, ஈரத்தை வெளியே தள்ளிவிட்டுத் தானாக நிற்கும். போன தடவை வந்தபோது கூரையில் கறுப்புப் பூஞ்சை படர்ந்திருப்பதைப் பார்த்தாள். ஃபேனை அனுப்பிவிட்டாள். பதினைந்தாம் தேதி ஞாயிறு அவளே வருகிறாள். அவள் வீட்டில் பெயிண்ட் அடிக்கிறார்கள். இரண்டு வாரம் இங்கேதான் இருப்பாளாம்.

பெட்டிக்குள் படம் போட்ட தாள் ஒன்று இருந்தது. இவர் அதைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. முப்பத்தெட்டு வருஷம் மில்லில் வயர்மேன், கூடத்துச் சுவரில் கண்ணாடி போட்ட சர்டிஃபிகேட், இவருக்குத் தாள் எதற்கு? நான் எடுத்து மூன்று தடவை படித்தேன். நான் படித்த எலக்ட்ரிகல் படிப்பெல்லாம் இப்படிப் பெட்டிக்குள் வந்த தாள்கள்தான்.

ஆள் வேண்டாம், தானே மாட்டுகிறேன் என்கிறார். எழுபத்து நாலு வயது. டம்ளரைப் பிடித்தாலே கை ஆடுகிறது. கரண்ட் விஷயத்தில் இந்த வீட்டில் எனக்கு வாய் கிடையாது. பதினோரு வருஷமாகக் கிடையாது.

மார்ச் 5, வியாழன்

முழுநாளும் ஏணி அடியில் டார்ச்சோடு நின்றேன். கழுத்து பிடித்துக்கொண்டது. நேராகக் காட்டு, கண்ணில் அடிக்காதே, இது கூட உனக்கு வராதா. கல்யாணமான நாளிலிருந்து கேட்கும் பாட்டு.

கூரையில் லைட்டுக்கு வரும் பைப்பில் இன்னொரு வயர் இழுக்கப் பார்த்தார். வயரை இழுக்கும் ஸ்பிரிங் பாதி வழியில் முட்டி நின்றது. சுவருக்குள் பைப் நசுங்கியிருக்கிறது. பத்துத் தடவை குத்தினார். மூச்சு வாங்கியது. பிறகு என்னை டீ போட அனுப்பினார். டீயோடு வந்தபோது சுவிட்ச் போர்டு மூடியை முடுக்கிக்கொண்டிருந்தார்.

மார்ச் 6, வெள்ளி

ஃபேன் ஓடுகிறது. லைட்டை அணைத்தால் பதினைந்து நிமிடம் ஓடி நிற்கிறது. கடிகாரம் வைத்துப் பார்த்தேன். சொன்ன சொல் தவறவில்லை.

கீழ்வீட்டு டீச்சரை மேலே கூப்பிட்டுக் காட்டினார். சார் கை வைத்தால் தப்பாகுமா என்றாள் டீச்சர். அதோடு நிறுத்தியிருக்கலாம். என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, "நல்ல வேளைக்கா, நீங்க கை வைக்கல" என்றாள். இவரும் சிரித்தார்.

டீச்சருக்கு மறக்கவில்லை. யாருக்குத்தான் மறந்தது? எனக்குள் இருப்பதை ஒரு தடவையாவது முழுசாக எழுதிவிடுகிறேன். பதினோரு வருஷத்துக்கு முன்னால் மகள் வீட்டில் புது வாஷிங் மெஷின் வந்தது. இவர் வெளியூர் வேலையில் இருந்தார். பின்கட்டில் ஒரு பிளக் பாயிண்ட் வேண்டுமென்று மகள் கேட்டாள். நான்தான் போட்டேன். அந்த நாளில் அக்கம்பக்கத்து மிக்ஸி, இஸ்திரிப் பெட்டி எல்லாம் என் கைக்குத்தான் வரும். மெயினை அணைத்து, சுவரில் ஏற்கெனவே வந்திருந்த வயர்களில் சிவப்பைக் கரண்ட் வரும் ஃபேஸில், கறுப்பை அது திரும்பிப் போகும் நியூட்ரலில், பச்சையை எர்த்தில் மாட்டினேன். மெயினைப் போட்டேன். மெஷின் விளக்கு எரிந்தது. மகள் ஈரக்கையோடு மூடியைத் திறந்தாள்.

அவள் போட்ட சத்தம்! நான் ஓடிப்போய் மெயினை அணைக்கும்வரை அவள் கை மெஷினோடு ஒட்டியே இருந்தது. இரண்டு ஆபரேஷன். வலது கையில் இரண்டு விரலுக்கு இன்றுவரை உணர்ச்சி இல்லை. மறுநாள் இவர் வந்து, தனியாகப் பின்கட்டுக்குள் போய்ப் பத்து நிமிடத்தில் திரும்பினார். "சிவப்பையும் பச்சையையும் மாத்திப் போட்டிருக்கா" என்றார், எல்லோருக்கும் முன்னால். ஆஸ்பத்திரி நடைபாதையில் மாப்பிள்ளை என்னை நிறுத்தி, இனிமேல் எங்கள் வீட்டில் ஒரு சுவிட்சைக்கூடத் தொடாதீர்கள் என்றார். அன்றோடு அத்தை என்று கூப்பிடுவதும் போனது. "இந்தாங்க", "கேளுங்க". மகள் திட்டவில்லை. ஆனால் அவள் வீட்டில் நான் பல்பைப் பார்த்தால்கூட, "அம்மா, நீ உட்காரும்மா" என்பாள்.

நான் மாற்றிப் போடவில்லை. மாற்றிப் போடும் ஆள் நான் இல்லை. ஆனால் இவர் சொன்னாரே, கண்ணால் பார்த்தவர்? அன்றைக்கு எனக்குக் கண்ணில் புரை இருந்ததோ? பதினோரு வருஷமாகச் சிவப்பையும் பச்சையையும் மனசுக்குள் மாட்டிக் கழற்றிக்கொண்டிருக்கிறேன்.

மார்ச் 7, சனி

பாத்திரம் தேய்க்கும்போது தோன்றியது. அந்தத் தாளின்படி இந்த ஃபேனுக்கு மூன்று வயர் வேண்டும். நியூட்ரல் ஒன்று. லைட்டோடு சேர்ந்து எரிந்து அணைகிற ஃபேஸ் ஒன்று. அணைத்த பிறகும் டைமர் ஓட, எப்போதும் உயிரோடிருக்கும் ஃபேஸ் ஒன்று.

பைப்பில் புது வயர் ஏறவில்லை. நான் பார்த்தேன். உள்ளே இருப்பது பழைய சிவப்பு, கறுப்பு, பச்சை மட்டும்தான்.

அப்படியானால் எப்போதும் உயிரோடிருக்கும் அந்த மூன்றாவது எது?

மார்ச் 8, ஞாயிறு

இவர் முடிவெட்டப் போனார். பிஸ்கட் டப்பாவிலிருந்து என் டெஸ்டரை எடுத்தேன். பதினோரு வருஷத்துக்குப் பிறகு. ஸ்டூலில் ஏறினேன். முழங்கால் திட்டியது, ஏறினேன். ஃபேன் மூடியைக் கழற்றினேன். லைட் சுவிட்ச் அணைந்திருந்தது. சிவப்பைத் தொட்டேன், டெஸ்டர் எரியவில்லை. கறுப்பு, எரியவில்லை.

பச்சையைத் தொட்டேன். எரிந்தது.

பச்சை என்றால் எர்த். கசிகிற கரண்டைப் பிடித்து மண்ணுக்குள் இறக்குகிற வயர். அதில் கரண்ட் விடுவது, தண்ணீர்ப் பானையில் மண்ணெண்ணெய் ஊற்றி வைப்பது போல. அடுத்து வருகிறவன் நம்பிக் குடிப்பான். யாரும் பச்சையைச் சோதித்துப் பார்ப்பதில்லை. நான் பார்த்தேனா?

ஸ்டூலிலேயே உட்கார்ந்துவிட்டேன். மகள் வீட்டு வயரிங் இவர் செய்தது. வயர் பற்றாக்குறை வந்தால் இவர் கை எங்கே போகும் என்று இன்றுதான் தெரிந்தது. அந்தப் பின்கட்டிலும் பச்சையில் ஃபேஸ் விட்டு வைத்திருக்கிறார். நான் விதிப்படி அதை எர்த்தில் மாட்டினேன். மெஷின் உடம்பு முழுக்கக் கரண்ட்.

பத்து நிமிடம் உள்ளே என்ன செய்தார்? தன் பச்சையைக் கழற்றிப் போட்டுவிட்டு வெளியே வந்து என் தலையில் கட்டினார். பாவி. என்னென்னவோ எழுத வருது. வேண்டாம். என் மகளோட கை. என் மகளோட கையை வெச்சு என்மேல பொய் சொல்லியிருக்கான் இந்த மனுஷன்.

முடிவெட்டிக்கொண்டு வந்து, நன்றாக இருக்கிறதா என்று கேட்டார். நன்றாக இருக்கிறது என்றேன்.

மார்ச் 10, செவ்வாய்

இரண்டு நாளாக இவர் முகத்தையே பார்க்கிறேன். சாப்பிடுகிறார். பேப்பர் படிக்கிறார். குளித்துவிட்டு வந்து, ஃபேன் இன்னும் ஓடுகிறது கேட்டாயா என்கிறார்.

திட்டம் போட்டுவிட்டேன். ஞாயிறு மதியச் சாப்பாட்டுக்கு மகளோடு மாப்பிள்ளை வருகிறார். நாத்தனாரையும் வரச் சொல்லியிருக்கிறேன். இவருடைய தங்கை, என்னைப் பற்றி வாய் ஓயாதவள். எல்லோரும் சாப்பிட்டு முடிக்கட்டும். மாப்பிள்ளையிடம் டெஸ்டரைக் கொடுத்து ஸ்டூலில் ஏறச் சொல்வேன். பச்சையைத் தொடச் சொல்வேன். அப்புறம் நான் பேசவே வேண்டாம். என்னை எத்தனை பேருக்கு முன்னால் நிறுத்தினாரோ அத்தனை பேருக்கு முன்னால்.

அதுவரை அந்த வயரைத் தொடமாட்டேன். அதுதான் என் சாட்சி.

பொறுத்தார் பூமி ஆள்வாராம். பூமி எனக்கு வேண்டாம். என் பேர் போதும்.

மார்ச் 12, வியாழன்

மீசைக்குச் சாயம் பூசிக்கொண்டார். பூசட்டும். ஞாயிற்றுக்கிழமை நன்றாகத் தெரியும் முகம்.

மார்ச் 14, சனி

எல்லாம் கெட்டது.

காலை பத்து மணிக்கு மகள் வந்து நிற்கிறாள், ஒரு நாள் முன்னதாக, பெட்டியோடு. பெயிண்ட் வாசம் தலையைச் சுற்றுகிறதாம். இவர் மார்க்கெட் போயிருந்தார். குளித்துவிட்டு வருகிறேன் என்று துண்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. ஃபேன் சத்தம் கேட்டது. ஈரக்கை. மேலே பச்சை.

மூடி போட்டிருக்கிறது, எட்டாது, ஒன்றும் ஆகாது என்று புத்தி சொல்லிக்கொண்டே இருந்தது. கால் கேட்கவில்லை. ஓடிப்போய் மெயினை இறக்கிவிட்டேன்.

ஃபேன் நின்றது. வெந்நீரும் நின்றது. உள்ளேயிருந்து, "அம்மா, யாரும்மா மெயினை அணைச்சது? கண்ணு முழுக்க சோப்பு" என்று கத்துகிறாள். வெளியே வா என்றேன். வரமாட்டேன் என்கிறாள். வந்தே ஆக வேண்டும் என்று கதவைத் தட்டினேன். துண்டைச் சுற்றிக்கொண்டு, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, நுரையோடு வந்து நின்றாள். நாற்பத்திரண்டு வயதுப் பெண்ணை அப்படி நிறுத்தி வைத்து, மூச்சுவிடாமல் சொன்னேன். பைப், தாள், டெஸ்டர், பச்சை. உன் வீட்டுப் பின்கட்டிலும் இதேதான், நான் மாற்றிப் போடவில்லை, உன் அப்பாதான்.

அவள் துண்டு முனையால் கண்ணைத் துடைத்தாள். ரொம்ப நேரம் துடைத்தாள்.

"தெரியும்மா" என்றாள்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் சமையலறையை மாற்றிக் கட்டியபோது, வேலைக்கு வந்த எலக்ட்ரீஷியன் ஒரு போர்டைத் திறந்துவிட்டு, எந்தப் புண்ணியவான் பச்சையில் ஃபேஸ் விட்டது என்று திட்டினானாம். அன்றே அவளுக்குப் புரிந்துவிட்டது. அந்த ஒன்றை மாற்றச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டாள்.

"ஏன் சொல்லல?"

"அப்பாவுக்கு அந்த வேலை ஒண்ணுதான்மா இருக்கு. அதையும் எடுத்துட்டா உடைஞ்சு போயிடுவாரு. நீ... நீ தாங்கிப்பே."

மெயினைப் போட்டேன். போய் சோப்பைக் கழுவிக்கொள் என்றேன்.

மார்ச் 15, ஞாயிறு

எல்லோரும் வந்தார்கள். சாப்பிட்டார்கள். டெஸ்டர் என் இடுப்பில் இருந்தது. எடுக்கவில்லை. முக்கியமான சாட்சிக்கு மூன்று வருஷம் முன்பே தீர்ப்பு தெரியும். அப்புறம் எதற்கு வழக்கு?

சாப்பாட்டு மேஜையில் இவர் ஃபேன் புராணம் பாடினார். நாத்தனார் கேட்டுவிட்டு, அண்ணன் கையால் ஆன வேலை நூறு வருஷம் நிற்கும், அண்ணி கையால் ஆனதுதான் ஆஸ்பத்திரிவரை போகும் என்றாள். சும்மா, சிரிப்புக்கு. மாப்பிள்ளை தண்ணீர் குடித்தார்.

நான் மகளைப் பார்த்தேன். ஒரு வார்த்தை. "அப்படி இல்லத்தை" என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவள் தட்டில் இல்லாத எதையோ தேடிக்கொண்டிருந்தாள்.

தாங்கிப்பேனாம்.

மார்ச் 16, திங்கள்

காலையில் இவரிடம் சொன்னேன். மகளும் இருந்தாள். சுவிட்ச் போர்டு மூடியை நானே கழற்றி, "இது என்னங்க?" என்றேன். பச்சை, ஃபேஸ் கட்டையில் மாட்டியிருந்தது.

முதலில் சத்தம் போட்டார். வயருக்கு நிறம் என்ன, கரண்ட் என்ன நிறம் பார்த்தா ஓடுகிறது, ஆயிரம் வீடு பார்த்தவன் நான். பின்கட்டு பற்றிக் கேட்டேன். சத்தம் நின்றது. நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். மகள் இருக்கும் பக்கம் திரும்பவே இல்லை.

"அம்மாவைப் புள்ளைங்க மன்னிச்சிடும்" என்றார். "அப்பனை மன்னிக்காது. அதான் அப்படிச் சொல்லிட்டேன்."

"உங்களுக்கு மக வேணும். எனக்கு வேண்டாமா?"

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த மனுஷனுக்கு, பதினோரு வருஷம் யோசித்தும் பதில் இல்லை.

மார்ச் 17, செவ்வாய்

குளியலறை வேலையை நானே மாற்றினேன். பைப்பை விட்டுவிட்டேன். சுவருக்கு மேலேயே பிளாஸ்டிக் பட்டி ஒட்டி, அதற்குள் புதுச் சிவப்பு வயரைக் கொண்டுபோனேன். பார்க்க அழகில்லை. இருக்கட்டும். பச்சையைப் போர்டிலிருந்து கழற்றி, மறுபடி எர்த் கட்டையில் மாட்டி, இரண்டு முனையிலும் சோதித்தேன். ஐந்து மணி நேரம் ஆனது. இவர் கூடத்தில் உட்கார்ந்து பேப்பரின் ஒரே பக்கத்தைப் படித்தார்.

மார்ச் 18, புதன்

நான்கு பேர். நாத்தனார், கீழ்வீட்டு டீச்சர், எலக்ட்ரிக் கடைக்காரர், மாப்பிள்ளை. எந்த வாயால் என்னைச் சொன்னாரோ அந்த வாயாலேயே நான்கு பேரிடமும் சொல்ல வேண்டும். நான் எதிரில் உட்கார்ந்திருப்பேன். இவரிடம் சொல்லிவிட்டேன்.

முடியாது என்றால்?

முடியாது என்றால் நீங்கள் வயரிங் செய்த வீடு வீடாக நான் டெஸ்டரோடு போவேன் என்றேன்.

மகள் சமையலறையில் என் கையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு விரலில் உணர்ச்சி இல்லாத அந்தக் கையால்.

"வயசான மனுஷன்மா. போதும், விட்டுடு."

"பதினோரு வருஷமா நான் மட்டும் குமரியாவா இருந்தேன்?"

கையை விட்டுவிட்டாள்.

மார்ச் 20, வெள்ளி

நாத்தனார். போனில், ஸ்பீக்கரில். இவர் சுற்றி வளைத்துச் சொல்லி முடித்தார். "எந்த வாஷிங் மெஷின்ணே?" என்றாள். விளக்கினார். அட, அதையா இன்னும் பேசிக்கொண்டிருக்கிறீர்கள், எனக்கு எங்கே ஞாபகம், சாப்பிட்டீர்களா என்று போய்விட்டது பேச்சு.

ஞாபகம் இல்லையாம். ஐந்து நாளைக்கு முன்னால் என் வீட்டு மேஜையில் சொன்னவள். ஏன் சொல்கிறோம் என்றே தெரியாமல் பதினோரு வருஷம் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள்.

இவர் என்னைப் பார்த்தார். போதுமா என்கிற பார்வை. இன்னும் மூன்று என்றேன்.

மார்ச் 22, ஞாயிறு

டீச்சர். கேட்டதும் முகம் வெளுத்தது. எனக்காக அல்ல. அவள் வீட்டு மாடிப்படி லைட்டும் இவர் போட்டதாம். "அக்கா, எங்க வீட்டைக் கொஞ்சம் வந்து பாக்குறீங்களா?" போனேன். பச்சைதான். சரிசெய்துவிட்டு வந்தேன். மன்னிப்பு என்ற சொல்லே வரவில்லை. ஒரு பை நிறைய ஆரஞ்சு கொடுத்தாள்.

மார்ச் 24, செவ்வாய்

கடைக்காரர். ஸ்க்ரூ கேட்டால்கூட, சார் வரட்டும்மா என்று என்னைத் திருப்பி அனுப்பியவர். இவர் பேசும்போது கடையில் வேறு இரண்டு பேர் நின்றார்கள். இவர் குரலைத் தாழ்த்தினார். கேட்கவில்லை, கொஞ்சம் உரக்க என்றேன். உரக்கச் சொன்னார். சொல்லும்போது இவர் கை கவுண்டரின் கண்ணாடியில் கடகடவென்று ஆடியது. கடைக்காரர் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பும் வழியில் இரண்டு இடத்தில் நின்றார். நானும் நின்றேன். கையைப் பிடிக்கவில்லை.

இனிக்கும் என்று நினைத்தேன். இனித்தது. கொஞ்சம்தான்.

மார்ச் 29, ஞாயிறு

மகளைக் கூட்டிப்போக மாப்பிள்ளை வந்தார். காலையிலிருந்தே மகள் என் பின்னாலேயே சுற்றினாள். இது மட்டும் வேண்டாம்மா, என் வீட்டுக்காரரிடம் மட்டும் வேண்டாம். யாருக்காகக் கேட்கிறாய் என்றேன். அழுதாள். நான் அசையவில்லை.

இவர் எழுந்து நின்று சொன்னார். நான் நிற்கச் சொல்லவில்லை. முதல் மூன்று பேரிடமும் சொன்னது போலச் சுற்றி வளைக்கவில்லை. "பச்சையில ஃபேஸ் விட்டது நான். அவ சரியாத்தான் மாட்டினா. எனக்கு அன்னைக்கே தெரியும்."

மாப்பிள்ளை அசையாமல் கேட்டார். அன்று அவளைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடியவர் அவர்தான். எதையும் மறக்கவில்லை என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. என்னைப் பார்த்தார். பிறகு மகள் பக்கம் திரும்பினார். அவள் முகத்தில் ஆச்சரியம் இல்லாததைப் பார்த்துவிட்டார்.

"உனக்குத் தெரியுமா?"

தலையாட்டினாள்.

"எத்தனை நாளா?"

"மூணு வருஷம்."

பெட்டியை எடுத்துக்கொண்டு கீழே இறங்கிவிட்டார். அவள் பின்னாலேயே ஓடினாள். ஜன்னலிலிருந்து பார்த்தேன். காருக்குள் இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு ரொம்ப நேரம் இருந்தார்கள். பிறகு கார் போனது.

பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். இரண்டும் இன்று சேர வேண்டிய இடத்தில் சேர்ந்தன. சேர்ந்தனவா?

ஏப்ரல் 2, வியாழன்

மகள் போன் செய்தாள். நான்கு நாளாக மாப்பிள்ளை ஒரு வார்த்தை பேசவில்லையாம். ஒரு தடவைதான் பேசினாராம். "மூணு வருஷமா உங்கம்மா வாசல்ல வந்து நின்னப்பல்லாம் நான் உள்ளே எழுந்து போனேனே. நீ பாத்துக்கிட்டுத்தானே இருந்தே?" அவ்வளவுதான்.

"நீ நெனச்சது நடந்துடுச்சும்மா" என்றாள்.

நினைத்தேன். இந்த நோட்டில் பொய் எழுதமாட்டேன். அவளுக்கும் ஒரு நாள், ஒரே ஒரு நாள், பேச ஆள் இல்லாமல் நிற்கத் தெரிய வேண்டும் என்று நினைத்தேன். நான்கு நாள் நினைக்கவில்லை.

வைக்கட்டுமா என்றாள். வை என்றேன். வைத்த பிறகும் போனைக் கையிலேயே வைத்திருந்தேன்.

ஏப்ரல் 4, சனி

மாப்பிள்ளை போன். "அத்தை" என்றார். வீடு முழுக்க ஒரு தடவை பார்த்துவிட வேண்டும், வெளி ஆளை விட மனசில்லை, வர முடியுமா என்றார்.

பத்து மணிக்கு வருகிறேன் என்றேன். அவ்வளவுதான் பேச்சு. போனை வைத்துவிட்டு ஏனோ முகம் கழுவிக்கொண்டேன்.

ஏப்ரல் 5, ஞாயிறு

நானும் வரட்டுமா என்று இவர் கேட்டார். வேண்டாம் என்றேன். செருப்பைப் போட்டிருந்தவர் கழற்றினார்.

மகள் வீட்டில் ஒவ்வொரு போர்டாகத் திறந்து, கரண்ட் ஓடிய பச்சையையெல்லாம் மாற்றினேன். இரண்டு பேரும் கூடவே இருந்தார்கள், ஆனால் ஒருவரோடு ஒருவர் பேசுவது என் வழியாக. "அம்மா, அவரை ஏணியை இந்தப் பக்கம் நகர்த்தச் சொல்லு." "அத்தை, கட்டிங் பிளையர் அவகிட்ட இருக்கான்னு கேளுங்க." நான் என்ன டெலிபோன் எக்ஸ்சேஞ்சா என்றேன். யாரும் சிரிக்கவில்லை.

கடைசியாகக் குளியலறை. பெயிண்ட் அடிக்கக் கழற்றிய அவர்கள் வீட்டு டைமர் ஃபேன் தரையில் கிடந்தது. மகள் மெயினை அணைத்துவிட்டு அதன் பக்கத்திலேயே நின்றுகொண்டாள். ஏன் அங்கே நிற்கிறாய் என்றேன். யாராவது போட்டுவிட்டால் என்றாள். வீட்டில் நாங்கள் மூன்று பேர்தான். நான் ஏணி மேலே இருந்த முக்கால் மணி நேரமும் அந்தக் கெட்ட கையை லிவர் மேலேயே வைத்து அழுத்திக்கொண்டு நின்றாள்.

மாட்டி முடித்து மெயினைப் போட்டோம். லைட்டைப் போட்டு அணைத்தேன். ஃபேன் ஓடியது. நிற்கிறதா பார்க்க வேண்டுமே, மூன்று பேரும் கதவுக்கு வெளியே வரிசையாக நின்றோம். பதினைந்து நிமிடம் பேசாமல் நிற்பது எவ்வளவு நீளம் என்று நின்று பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். பத்து நிமிடம் போயிருக்கும். மாப்பிள்ளை சுவரைப் பார்த்துக்கொண்டே, "கை வலிக்குதா?" என்றார்.

என்னைக் கேட்கிறார் என்று நினைத்து வாயெடுத்தேன்.

"இல்ல" என்றாள் மகள். கொஞ்சம் கழித்து, "லேசா" என்றாள்.

நான் சமையலறைக்குத் தண்ணீர் குடிக்கப் போனேன். ஃபேன் நின்றதை நான் பார்க்கவில்லை. மகள் வந்து சொன்னாள். சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று மாப்பிள்ளை உட்கார வைத்தார். வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

வீட்டுக்கு வந்தால் இவர் மேஜையில் அப்படியே உட்கார்ந்திருந்தார். அடுப்பின் மேல் நான் காலையில் வைத்துவிட்டுப் போனது தொடாமல் இருந்தது.

"எத்தனை?" என்றார்.

"ஆறு."

எதெது என்று கேட்கவில்லை. உதடு அசைந்தது. எண்ணிப் பார்த்திருப்பார், தான் விட்டது தனக்குத் தெரியாதா? பிறகு எழுந்து உள்ளே போனார். பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. ஆடுகிற கையோடு இரண்டு தட்டில் சாப்பாடு கொண்டுவந்து வைத்தார். ஒன்றை என் பக்கம் தள்ளினார். பாதி வழியில் கொஞ்சம் சிந்தியிருந்தது.

நான் சாப்பிட்டுவிட்டு வந்ததைச் சொல்லவில்லை.